பொறியும் இராகமும்

வீணையும் தச்சன் சமைத்த பொறியே என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

1982இல் பம்பாயில், சரண்ஜித் சிங் என்னும் திரையிசைக் கலைஞர், ஜப்பானிய ரோலண்டு நிறுவனத்தின் மின்கருவிகளைக் கொண்டு பத்து இராகங்களை இசைத்தட்டுக்காகப் பதிவு செய்தார். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்திற்கு வழுக்கிச் செல்லும் கருவியின் இயல்பு இராகத்திற்கு இசைந்தது. அன்று அதனைக் கவனித்தவர் சிலரே. 1987இல் சிக்காகோவில் அதே கருவியினின்று எழுந்த இசை உலகெங்கும் பரவிற்று. 2010இல் சிங்கின் தட்டு மறுபதிப்பானபோது, அவரை முன்னோடியென மேனாட்டார் வியந்தனர். 2015இல் அவர் மறைந்தார்.

சித்தூரில் எம் தம்பியும் கதவடைத்துக் கணினியில் இசையமைக்கிறான். உறவினர் நகைக்கின்றனர். திருப்பதி நிலையத்தில் கணக்கெழுதிப் பெறும் சம்பளத்தில், அவன் விரும்பிய கருவிக்கென மாதந்தோறும் ஒரு பகுதியை ஒதுக்கி வருகிறோம்.

வேற்றூரில் பிள்ளைகளை வளர்க்கும் அன்பர்களே! அடைத்த கதவெல்லாம் சோம்பலன்று. சற்றே செவிசாய்த்துக் கேளுங்கள்.