பாறையிலே ஒரு பூனை

காணும் பொங்கலுக்கு மறுநாள் குடும்பத்துடன் மாமல்லபுரம் போயிருந்தோம். காணும் பொங்கலன்றே போயிருந்தால் கடலைப் பார்த்திருக்க முடியாது. ஜனக் கடலைத்தான் பார்த்திருப்போம். செங்கற்பட்டில் உபாத்தியாயராயிருந்து ஓய்வு பெற்ற நம் நண்பர் ஒருவரும் உடன் வந்தார். அவர் கிறிஸ்தவர். நாற்பது வருஷத்துச் சிநேகம். தீபாவளிப் பட்சணம் இங்கிருந்து அங்கே போவதும், கிறிஸ்துமஸ் பலகாரம் அங்கிருந்து இங்கே வருவதும் ஒரு வருஷமாவது தவறியதில்லை.

அர்ச்சுனன் தபசு என்றும், பகீரதன் தபசு என்றும் இரு விதமாகச் சொல்லப்படும் பெரும் பாறையின் முன்னே நின்றோம். சுமார் 90 அடி நீளம், 40 அடி உயரம். ஏழாம் நூற்றாண்டில் உளி பிடித்த கைகள் அங்கே யானைகளை நடக்கவிட்டிருக்கின்றன, தேவர்களைப் பறக்கவிட்டிருக்கின்றன. அதைக் காணும் தமிழனுக்குத் தோள் பூரிக்காமல் இருக்குமா? நமக்கும் பூரித்தது. பேரக் குழந்தைகளை அருகே அழைத்துச் சிறு பிரசங்கமே செய்துவிட்டோம். வாதாபி கொண்ட மாமல்லனைப் பற்றிச் சொன்னோம். உலகத்தின் பொதுச் செல்வங்களில் ஒன்றாக 1984-ல் இந்த ஊரை யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டதையும் சொன்னோம். முடிவாக, "அந்நியன் நம் மண்ணைச் சில காலம் ஆண்டிருக்கலாம், ஆனால் நாம் ஒருநாளும் யாருக்கும் அடிமையாயிருந்ததில்லை!" என்று குரலை உயர்த்தி முடித்தோம்.

நண்பர் புன்னகை செய்தார்.

"இதே பேச்சை எங்கள் வேதத்திலும் சிலர் பேசியிருக்கிறார்கள், சார்" என்றார்.

யோவான் எழுதிய சுவிசேஷத்தில் எட்டாம் அதிகாரத்தில் வரும் சம்பவம் அது. சத்தியம் உங்களை விடுவிக்கும் என்று இயேசு தம்மிடம் நம்பிக்கை வைத்த யூதர்களிடம் சொல்லுகிறார். அவர்களுக்கு ரோஷம் வந்துவிடுகிறது. நாங்கள் ஆபிரகாமின் வம்சம்; எவருக்கும் அடிமையாயிருந்ததில்லை; எங்களுக்கு என்ன விடுதலை? இப்படிக் கேட்கிறார்கள். அவர்களுடைய முன்னோர்கள் எகிப்திலே அடிமைகளாயிருந்தவர்கள். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டு போகப்பட்டவர்கள். அவர்கள் பேசிக்கொண்டிருந்த அந்த வேளையிலேயே எருசலேமில் ரோமாபுரிச் சிப்பாய் காவல் நின்றுகொண்டிருந்தான். அவ்வளவையும் மறக்கடித்தது குலப் பெருமை. இயேசுவோ எகிப்தையும் ரோமையும் எடுத்துப் பேசவில்லை. பாவம் செய்கிறவன் அந்தப் பாவத்துக்கே அடிமை என்று மட்டும் சொல்லி, பேச்சை அவர்கள் வீட்டுக்குள்ளேயே திருப்பிவிட்டார்.

உண்மையைச் சொன்னால், இதைக் கேட்டு நமக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. "சுயராஜ்யம் கேட்டவர்களிடம், 'முதலில் உங்கள் பாவத்தைப் பாருங்கள்' என்று வெள்ளைக்காரப் பாதிரிமார் உபதேசித்ததும் இதைத்தானே?" என்று கேட்டோம்.

"சிலர் அப்படி உபதேசித்தது மெய்தான்" என்று நண்பர் ஒப்புக்கொண்டார். "1930-ல் சட்ட மறுப்பு கிறிஸ்துவின் போதனைக்கு ஒவ்வாதது என்று கல்கத்தா மெட்ரோபாலிட்டன் வெஸ்ட்காட் எழுதினார். அவருக்குப் பதில் எழுதியவர் யார்? தஞ்சாவூரில் பிறந்த கிறிஸ்தவரான ஜே. சி. குமரப்பா. அதே கிறிஸ்துவைக் கொண்டுதான் அவர் பதில் சொன்னார். பிறகு சிறைக்கும் போனார். சிறையிலிருந்தபடியே இயேசுவின் போதனையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அது 1945-ல் வெளிவந்தது. உள்ளே விடுதலை, வெளியே விடுதலை என்று இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது எங்கள் வேதமல்ல, சார். பாவத்தைப் பற்றிய உபதேசம் அடிமைத்தனத்துக்குச் சாக்காகிவிட்டால், அந்த உபதேசமே பாவமாகிவிடுகிறது."

1938 டிசம்பரில் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் உலகத்து மிஷன் சபைகளெல்லாம் கூடி மகாநாடு நடத்தியதையும் அவர் நினைவூட்டினார். தாம்பரம் அன்றும் செங்கற்பட்டு ஜில்லா. இன்றும் செங்கற்பட்டு மாவட்டந்தான். அந்த மகாநாட்டை முன்னிட்டுச் செஞ்சையா, சக்கரை முதலிய சென்னைக் கிறிஸ்தவர்கள் ஒரு நூலை வெளியிட்டார்கள். கிறிஸ்துவை ஏற்றுக்கொள்வதற்காக இந்தியன் தன் தேசத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பது அவர்கள் கட்சி. சக்கரை பின்னர் 1941-ல் சென்னை நகரத்தின் மேயராகவும் ஆனார்.

நம் கோபம் தணிந்தது. அந்தச் சமயத்தில்தான் பேத்தி நம் வேஷ்டியைப் பிடித்து இழுத்தாள்.

"தாத்தா, அந்தப் பூனை என்ன செய்கிறது?"

பாறையின் கீழ்ப்பகுதியில், யானைகளுக்குப் பக்கத்தில், பூனையொன்று பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தபசு செய்கிறது. மேலே விலா எலும்பு தெரிய ஒற்றைக் காலில் நிற்கும் தபசியைப் போலவே அதுவும் நிற்கிறது. அதன் காலடியில் எலிகள் நம்பிக்கையோடு கூடியிருக்கின்றன. மகாபாரதத்தில் வரும் போலித் துறவிப் பூனையின் கதையைக் குழந்தைக்குச் சொன்னோம்.

"தபசு முடிந்ததும் எலியைத் தின்றுவிடுமா?"

"தபசு செய்யும்போதே தின்றுகொண்டிருக்கும், அம்மா."

சொன்ன வார்த்தை நம்மையே வந்து தைத்தது. ஏனென்று வாசகர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

நம் வீட்டுக் கூடத்தில் பாட்டனாரின் படம் மாட்டியிருக்கிறது. கதர்க் குல்லா, கதர்ச் சட்டை. 1942-ல் ஆறு மாதம் சிறையிலிருந்தவர். அந்தப் படத்துக்கு நேர் கீழே இருக்கும் இரும்புப் பெட்டியில் 1938-ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம் ஒன்று கிடக்கிறது. செங்கற்பட்டுச் சீமையில் நம் பூர்விகக் கிராமத்தில் இரண்டு ஏக்கர் நிலம். விற்றவர், நம் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாகப் படியாளாயிருந்த ஒரு சேரிவாசி. பட்ட நெல் கடனுக்கு வட்டி ஏறி, அந்த வட்டிக்காக நிலம் நம் கைக்கு வந்தது.

அது எந்த நிலம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 1891-ல் இந்த ஜில்லாவின் கலெக்டராயிருந்த டிரமென்ஹீர் என்பவர் செங்கற்பட்டுப் பறையர்களின் நிலைமையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அடிமை முறைக்கு இனிச் சட்டத்தின் ஆதரவில்லை என்று 1843-லேயே விதி செய்தாயிற்று. ஆனாலும் அவர்களுக்குச் சொந்தமாக உழ நிலமில்லை. குடியிருக்கும் மனைகூட மிராசுதாரர் தயவில் இருந்தது. எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி செய்ய வேண்டியதுதான். கடனோ தலைமுறைக்கும் தீராது. அந்த அறிக்கைக்குப் பின்னர் 1892-ல் சர்க்கார் உத்தரவு பிறந்தது. அதன்படி அவர்களுக்குத் தரிசு நிலங்கள் ஒதுக்கப்பட்டன. அவையே பஞ்சமி நிலங்கள். பத்து வருஷம் வரை யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகும் அதே வகுப்பாருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. நம் பாட்டனார் வாங்கியது அத்தகைய நிலம்.

தேசத்தின் விலங்கை உடைக்கச் சிறை புகுந்தவர்தாம் படியாளின் நிலத்தை வட்டிக்கு எடுத்துக்கொண்டார். முதற் காரியம் பொய்யல்ல. அதற்காக அவர் பட்ட கஷ்டமும் பொய்யல்ல. இரண்டாவது காரியமும் பொய்யல்ல.

மாலையில் திருக்கழுக்குன்றத்தின் வழியாகச் செங்கற்பட்டு வந்து சேர்ந்தோம். ரயில் பாதை ஊடறுத்துச் செல்லும் பழைய கோட்டையின் பக்கம் காரை நிறுத்திவிட்டு, நண்பரிடம் பத்திரத்தின் கதையைச் சொன்னோம்.

அவர் நமக்குத் தீர்ப்புச் சொல்லவில்லை. "எங்கள் வீட்டிலும் பூனை உண்டு, சார்" என்றார். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் மாதா கோயிலுக்குள்ளேயே ஜாதிக்கொரு பக்கமாகப் பிரித்துச் சுவர் எழுப்பியிருந்ததையும், 1910-ல் அது இடிக்கப்பட்டதையும் சொன்னார். "சுவர் விழுந்துவிட்டது, கல்லறைத் தோட்டத்தில் இன்னும் விழாத சுவர்கள் இருக்கின்றன. ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்ற பெருமையும் ஆபிரகாமின் பிள்ளைகள் என்ற பெருமை மாதிரிதான். பாவத்தை ஒப்புக்கொள்ளாதவனுக்கு எந்த வம்சமும் விடுதலை வாங்கித் தராது."

சற்றுப் பொறுத்து, "காரணையை நினைத்துப் பாருங்கள்" என்றார்.

நினைக்காமல் எப்படியிருக்க முடியும்? செங்கற்பட்டு வட்டாரத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க 1994-ல் கிளர்ச்சி நடந்தது. அதையொட்டி நிகழ்ந்த போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் இருவர் மாண்டனர். ஒருவர் பெயர் ஜான் தாமஸ். மற்றவர் பெயர் ஏழுமலை. பெயர்கள் இரண்டு மதத்தைச் சொல்லுகின்றன. நிலத்தின் பசி ஒன்றுதான்.

தேசாபிமானம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. இயேசுவும் ஆபிரகாமைப் பழிக்கவில்லை. ஆபிரகாமின் பிள்ளைகளானால் ஆபிரகாமின் செய்கைகளைச் செய்யுங்கள் என்றுதான் கேட்டார். பாறையைச் செதுக்கிய கையைப் புகழுகிற நாம், சேற்றிலே நாற்று நட்ட கைக்குக் கணக்குத் தீர்க்க வேண்டாமா? முன்னோர் பெருமையில் பங்கு கேட்கிறவன் முன்னோர் கடனிலும் பங்கு ஏற்க வேண்டும். அந்தப் பத்திரத்தை நாம் முதன்முதல் படித்துப் பதினொரு வருஷமாகிறது. இத்தனை நாள் வாய் திறவாதிருந்தது பாட்டனார் குற்றமல்ல, நம் குற்றம்.

நிலத்தை விற்றவரின் பேரன் பிள்ளைகள் அதே கிராமத்தில் இருக்கிறார்கள். நிலமோ இன்று பெருஞ்சாலைக்கு அருகே சதுர அடிக் கணக்கில் விலை போகிறது. அவர்கள் பெயருக்கே அதைத் திருப்பிவிட வேண்டுமென்று தாசில்தாருக்கு மனு எழுதியிருக்கிறோம். தம்பி இன்னும் கையெழுத்திடவில்லை. "பாட்டனார் பெயரைக் கெடுக்கிறீர்களே, அண்ணா!" என்று வருத்தப்படுகிறான். அவன் வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கூடத்துப் படத்தை நாம் கழற்றவில்லை, கழற்றப் போவதுமில்லை. பத்திரத்தைத்தான் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்ததும், சாட்சிக் கையெழுத்துப் போட நண்பர் வருகிறார். அதற்குள் தம்பியும் வருவான் என்று நம்புகிறோம்.