மடங்காத முழங்கை

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பர் நம் முன்னோர். அச்சிரசுக்குச் சோறூட்டுவதும் அதன் நெற்றிக்கு நீறணிவதும் முழங்கை மடங்கினாலன்றி இயலா.

சில ஆண்டுகளுக்கு முன், சோளகக் காற்று வீசும் ஆடி மாதத்தில், மன்னார்த் தாம்போதியிலே துவிச்சக்கரவண்டியோடு சரிந்து வலது முழங்கையை முறித்துக்கொண்டேன். என்பு பொருந்திற்று, கட்டும் அவிழ்த்தாயிற்று. ஆயினும் கை நிமிரவுமில்லை, மடங்கவுமில்லை. கரும்பலகையின் மேல்வரி எட்டாதாயிற்று. நீறணிய மனையாள் உதவினாள். வலையிழுத்தும் பனையேறியும் வாழ்வோர் நிறைந்த இத்தீவில், கை விறைத்த ஒருவனின் குடும்பம் என்னாகும் என அந்நாள்களில் அடிக்கடி எண்ணினேன்.

முழங்கை விறைப்பது ஏன்? மேற்கை என்பு ஒன்றும் முன்கை என்புகள் இரண்டும் ஒரே உறைக்குள் நெருங்கிப் பொருந்திய மூட்டு அது. காயம்பட்டால் அவ்வுறை தடித்துச் சுருங்கும்; அசையாத நாள் நீள நீள இறுகும். சிலவேளை சூழ்ந்த தசையிலே புது என்பும் வளரும். நேராக நீட்டிய கையைச் சுழியம் பாகை எனக் கொண்டால், அன்றாட வேலைகளுட் பெரும்பாலானவற்றுக்கு 30 முதல் 130 பாகை வரை மடங்குதல் வேண்டும் என 1981இல் அமெரிக்க வைத்தியர் மொறேயும் துணைவரும் அளந்து கூறினர். என் கை 50க்கும் 90க்கும் இடையே நின்றது.

பல மாதப் பயிற்சியும் பயன்படாமையால், பூநகரி வழியே யாழ்ப்பாணஞ் சென்று சத்திரசிகிச்சைக்கு உடன்பட்டேன். சுருங்கிய உறையை வெட்டி விடுவித்து, தடையான என்பை அகற்றி, சின்னவிரலுக்குச் செல்லும் நரம்பைக் காப்பதே அச்சிகிச்சை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த கிறீன் வைத்தியர் தமிழிலேயே வைத்தியங் கற்பித்தார் என வகுப்பிற் கூறிவந்த எனக்கு, இவற்றைச் சத்திரவைத்தியர் தெளிந்த தமிழில் விளக்கியமை பெருமகிழ்ச்சி தந்தது.

“வெட்டாமல், மூட்டுக்குள் ஏற்றும் பசையால் இளக்கலாகாதோ?” என வினவினேன்.

“கயிற்றாற் கட்டிய கதவின் பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டால் கதவு திறக்குமா, மாஸ்டர்?” என்றார் அவர்.

அப்பசையின் சாரம் ஹயலுரோனிக் அமிலம். 1934இல் மேயரும் பாமரும் அதனை மாட்டின் கண்ணிலிருந்து பிரித்தெடுத்தனர். நம் மூட்டு நீரிலும் அஃது இயல்பாக உண்டு. தேய்ந்த முழங்காலுக்கு அதனை ஊசியால் ஏற்றுவர். சத்திரசிகிச்சையின்பின் வெட்டிய இடங்கள் ஒட்டாதிருக்க இடுவாருமுளர். முழங்கை விறைப்பில் அதன் பயன் இன்னும் உறுதிப்படவில்லை. இறுகிய உறையை அது கரைக்கமாட்டாது.

சத்திரசிகிச்சை ஒரே நாளில் முடிந்தது; என் வேலையோ மறுநாளே தொடங்கிற்று. இயன்மருத்துவர் வகுத்தபடி நாள்தோறும் பலமுறை, நோவு பொறுக்குமளவு, ஆறு மாதம் கையை மடக்கி நீட்டினேன். இன்று அது 30 முதல் 125 பாகை வரை இயங்குகிறது. முற்றும் நேராகாது, எனினும் நெற்றியை எட்டுகிறது.

பந்தடிக்கும் மாணவர்காள்! முழங்கையில் அடிபட்டால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வீங்கிய மூட்டை வன்மையாக உருவவோ இழுக்கவோ எவருக்கும் இடங்கொடாதீர்கள். அசைக்கலாம் என வைத்தியர் கூறும் நாள்தொட்டு ஒருநாளும் தவறாது அசையுங்கள். கத்தி கட்டை அவிழ்க்கும். கையை மீட்டுத் தருவது அன்றாடப் பயிற்சியே.