சாக்குருவியைத் தேடிப் போன இரவு



போன வாரம் வகுப்பில் ஒரு மாணவன் எழும்பிக் கேட்டான்: "சேர், எங்கட மாமரத்தில ராவைக்கு சாக்குருவி கத்துது. மூத்தம்மா வருத்தமாக் கிடக்கிறா. கல்லெறிஞ்சு கலைக்கச் சொல்றாங்க. கலைக்கவா?"

எங்களுக்கு உடனே பதில் வரவில்லை. வாப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நாங்களும் எறிந்தவர்கள்தான். தென்னையில் இருந்த பறவை செட்டை முறிந்து விழுந்து செத்தது. மூன்றாம் நாள் வாப்பாவும் மௌத்தானார்கள். அல்லாஹ் விதித்த தவணையை எங்கள் கல் மாற்றவில்லை. வீணாக ஒரு உயிர் போனதுதான் மிச்சம்.

அந்த மாணவனையும் அவனது வாப்பாவையும் இன்னும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமை இஷாத் தொழுதுவிட்டு சம்மாந்துறை வட்டைக்குள் போனோம். ஊரை ஒட்டிய, யானைப் பயமில்லாத பக்கம். டோச்சை அணைத்துவிட்டு வாடியில் குந்தியிருந்தோம். அரை மணித்தியாலம் நுளம்புக்கடிதான். பிறகு கிறீச்சென்று ஒரு சத்தம். பிள்ளைகள் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

நிலவில் வெள்ளையாக ஒரு கூகை தலைக்கு மேலால் போனது. செட்டைச் சத்தமே இல்லை. அதன் இறகின் ஓரம் சீப்புப் பல் போல இருப்பதால் காற்று இரைவதில்லை. ஒரு காது சற்று மேலே, மற்றது கீழே. அதனால் கும்மிருட்டிலும் சத்தத்தை வைத்தே எலி இருக்கும் இடத்தைப் பிடித்துவிடும். நாங்கள் பார்த்திருக்கவே வரம்படியில் இறங்கி, எலியோடு எழும்பியது.

"ஒவ்வொரு போகமும் எலிக்கு நஞ்சு வெக்கிறன். இது கூலி கேக்காமப் பிடிக்குதே" என்றார் மாணவனின் வாப்பா. நஞ்சு தின்ற எலியைத் தின்றால் கூகையும் சாகலாம் என்றோம். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அறியாமைக் கால அரபிகளும் ஆந்தையைக் கண்டு பயந்தார்கள். 'ஹாமா' என்ற அந்த நம்பிக்கையையும் சகுனம் பார்ப்பதையும் நபி (ஸல்) அவர்கள் மறுத்தது புஹாரியில் பதிவாகியுள்ளது. 1400 வருடத்துக்குப் பிறகும் நாம் கல்லோடு நிற்கிறோம்.

திரும்பும்போது மாணவன் சொன்னான்: "சேர், நான் கலைக்க மாட்டன்."

மூத்தம்மாவுக்கு இன்னும் சுகமில்லை. மாமரத்தில் கூகையும் இருக்கிறது. அவவுக்காக துஆச் செய்யுங்கள். உங்கள் வீட்டு மரத்தில் கத்தினால், கல்லைக் கீழே போட்டுவிட்டு ஒரு தரம் அண்ணாந்து பாருங்கள்.