ஓரத்தில் இருக்கும் வைஸ்

என் பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ஏனுங்க, வைஸை இப்படி ஓரமாப் போட்டிருக்கீங்க?" என்பதைத்தான். மில்லிங் மெஷின் என்றால் டேபிளின் நடுவில் வைஸ் இருப்பதுதான் வழக்கம். என்னுடையது வலது கோடியிலிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்துக்கு அது வந்து சேர ஒன்றரை வருஷம் ஆயிற்று.

கோவை கணபதிப் பக்கம் பம்ப் பாகங்கள் செய்கிற பட்டறைகளில் முப்பது வருஷம் கழித்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ஒரு லேத்தோடு உட்கார்ந்தவன் நான். ஷாஃப்டை லேத்தில் முடித்துவிடலாம். அதில் ஒரு கீவே போட வேண்டுமானால் வண்டியில் வைத்துக்கொண்டு வெளியே அலைய வேண்டும். அந்த அலைச்சலுக்காகத்தான் பழைய மில்லிங் மெஷின் தேடினேன். பட்டறைகள் சி.என்.சி.க்கு மாற மாற, கையால் ஓட்டும் மெஷின்கள் வெளியே வந்துகொண்டே இருக்கின்றன. எனக்குக் கிடைத்தது பஞ்சாபில் படாலாவில் செய்த டரட் மில்லிங். 2 எச்.பி. மோட்டார், ஐ.எஸ்.ஓ. 40 ஸ்பிண்டில், எடை ஒரு டன்னுக்கு மேல்.

பச்சை பெயின்ட் புதிதாக அடித்திருந்தது. கைச்சக்கரத்தைப் பிடித்து நாலு சுற்று சுற்றினேன், வெண்ணெயாக ஓடியது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அதுதான் தப்பு.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி மெஷின் இறங்கிய மறுநாள் வந்தார். பெயின்டைப் பார்க்கவே இல்லை. டேபிளை இடது கோடிவரை கொண்டுபோனார். இடது உள்ளங்கையை டேபிள் மேல் வைத்துக்கொண்டு, வலது கையால் மெதுவாகச் சுற்றி வலது கோடிக்குக் கொண்டுவந்தார். பிறகு திரும்பவும் ஒரு முறை. "நடுவுல தொளதொளன்னு இருக்குது, ரெண்டு கோடிலயும் புடிக்குது. பாத்தியா?" என்றார். என் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. டேபிளின் தளர்வைச் சரிசெய்யும் பட்டையான கிப்பை, டேபிள் நடுவில் இருக்கும்போது ஆட்டம் போகிற அளவுக்கு இறுக்கச் சொன்னார். இறுக்கிவிட்டு ஓட்டினால், கோடிக்கு ஒரு சாண் முன்னாலேயே டேபிள் சிக்கிக்கொண்டது. விற்றவர் கிப்பைத் தளர்த்தி வைத்திருந்ததால்தான் அந்த வெண்ணெய் ஓட்டம்.

காரணம் சுலபம். வருஷக்கணக்கில் வைஸ் நடுவிலேயே இருந்திருக்கும், வேலை முழுவதும் அந்த ஒரு முழ நீளத்திலேயே நடந்திருக்கும். டேபிளைத் தாங்கும் சேடில் தேய்த்துத் தேய்த்து, டேபிளின் அடிப்பக்கம் அங்கே மட்டும் தேய்ந்துபோயிருந்தது. ஸ்கிரேப்பிங் செய்யலாம்தான். நீலச் சாயம் தடவி, ஒட்டிய புள்ளிகளை உளியால் சுரண்டி, ஒரு சதுர அங்குலத்துக்கு இருபது புள்ளி வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மேஸ்திரி அதில் கை தேர்ந்தவர், ஆனால் அப்போது அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. "எங்க தேஞ்சிருக்குன்னு தெரிஞ்சுபோச்சல்ல? அங்க வேல வெக்காத" என்றார். வைஸை ஒவ்வொரு இடமாக நகர்த்தி, டயல் கேஜ் வைத்துப் பார்த்து, வலது பக்கம் நல்ல இடம் பிடித்தேன். இப்போது கட்டர் வெட்டும்போது சேடில் தேயாத பாகத்தில் ஓடுகிறது.

நீங்கள் வாங்கப் போனால் கோடியிலிருந்து கோடிவரை ஓட்டிப் பாருங்கள். கைச்சக்கரத்தை ஒரு பக்கம் சுற்றி நிறுத்தி, எதிர்ப்பக்கம் திருப்பினால் சக்கரத்தில் எத்தனை கோடு தாண்டி டேபிள் அசைகிறது என்று எண்ணுங்கள். அந்த ஆட்டம் எந்தப் பழைய மெஷினிலும் இருக்கும், ஆனால் எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் நான் ஒரு தடவை கட்டர் சுற்றும் பக்கத்துக்கே டேபிளை ஓட்டினேன். கட்டர் ஜாபைக் கவ்வி இழுத்தது, டேபிளை நகர்த்தும் திருகின் நட்டில் இருந்த ஆட்டம் அத்தனையும் ஒரே நொடியில் பாய்ந்தது. 16 மி.மீ. எண்ட் மில் இரண்டு துண்டு. ஜாபில் இன்னும் அந்தப் பள்ளம் இருக்கிறது, அதை எறியாமல் வைத்திருக்கிறேன். கட்டரை எதிர்த்து ஓட்டுவதுதான் தேய்ந்த மெஷினுக்குச் சரி.

கரண்ட் பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள். வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான், மெஷின் மோட்டாரோ த்ரீ ஃபேஸ். அதை மாற்றித் தரும் வி.எஃப்.டி. ஒன்று வாங்கினால் போதும், ஆனால் மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறந்து ஆறு முனையும் வெளியே வந்திருக்கிறதா, தகட்டில் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் என்று போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படி இருந்தால் செம்புப் பட்டைகளை டெல்டாவுக்கு மாற்றிக்கொள்ளலாம். எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள்.

மெஷினுக்குக் கொடுத்த பணத்துக்குக் குறையாமல் கூடவே வேண்டிய சாமான்களுக்கும் போகும். ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்காதீர்கள். நான் ஆசைப்பட்டு உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் ஒரு பை நிறைய 40 டேப்பர் ஹோல்டர்களை அள்ளிக்கொண்டு வந்தேன். டேப்பர் கச்சிதமாக உட்கார்ந்தது. ஹோல்டரை மேலே இழுத்துப் பிடிக்கும் டிராபார் மூன்று மரை ஏறி நின்றுவிட்டது. ஸ்பானர் போட்டு இன்னும் இறுக்கப் பார்த்தேன், நல்லவேளையாக மேஸ்திரி கையைப் பிடித்தார். என்னுடைய டிராபார் எம்16. அந்த ஹோல்டர்களோ 5/8 அங்குல மரை. விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான், மரை இடைவெளி வேறு. அன்றிலிருந்து டிராபாரைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன்.

முதலில் வாங்க வேண்டியது ஒரு நல்ல 6 அங்குல வைஸ். பிறகு ஈ.ஆர்.32 கோலெட் சக், அதில் 6, 10, 12, 16 கோலெட் மட்டும். கிளாம்பிங் செட், ஜாபுக்கு அடியில் வைக்க ஒரு ஜோடி பேரலல், ஒரு டயல் கேஜ். மீதியை வேலை கேட்கும்போது வாங்கிக்கொள்ளலாம்.

டயல் கேஜை முதலில் சொல்லியிருக்க வேண்டும். டரட் மெஷினின் தலை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாயும். ஸ்பிண்டிலில் டயலை மாட்டி, டேபிள் மேல் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்துத்தான் தலையை நேராக்க வேண்டும். போல்ட்டை இறுக்கும்போது தலை மறுபடி நகரும், அதனால் நான்கையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். எனக்கு முதல் தடவை ஒரு பகல் முழுக்கப் போனது. இப்போது கால் மணி நேரம்.

ஜாபை வைஸில் பிடிப்பதுதான் எனக்கு நெடுநாள் பிடிபடாத சங்கதி. இறுக்கும்போது அசையும் தாடை கொஞ்சம் தூக்கும், ஜாபும் அதோடு எழும்பும். அந்தத் தாடைக்கும் ஜாபுக்கும் நடுவே ஒரு உருண்டைக் கம்பி வைத்தால், ஜாபின் முகம் அசையாத தாடையில் முழுசாக ஒட்டும். செம்புச் சுத்தியால் தட்டிவிட்டு, அடியில் இருக்கும் பேரலலை விரலால் தள்ளிப் பார்க்க வேண்டும். நகர்ந்தால் இன்னும் உட்காரவில்லை. மேஸ்திரி தட்டும்போது சத்தத்திலேயே தெரிந்துகொள்வார், தொட்டுப் பார்க்க மாட்டார். "டொக்"கென்று கேட்டால் இன்னொரு தட்டு. "டங்"கென்று வந்தால் சுத்தியைக் கீழே வைத்துவிடுவார். நான் இன்னும் விரலை வைத்துத்தான் பார்க்கிறேன்.

அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. போன வாரம் பக்கத்துத் தெருவிலிருந்து ஐ.டி.ஐ. படிக்கிற பையன் ஒருவன் வந்தான். மெஷினைப் பார்த்ததும் கைச்சக்கரத்தைப் பிடித்து நாலு சுற்று சுற்றிவிட்டு, "நல்லா ஓடுதுங்கய்யா" என்றான். அவன் இடது கையை எடுத்து டேபிள் மேல் வைத்தேன். இடது கோடியிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன்.