அம்பருக்குள் ஒரு நாக்கு

மியான்மரின் அம்பர் கட்டிகளுக்குள் உறைந்து கிடந்த பல்லிகளைப் பற்றி 2016இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. அவற்றில் ஒரு குஞ்சு, ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அதன் வாய்க்குள் ஈர்க்குபோல் நீண்ட நாக்கெலும்பு. 9.9 கோடி ஆண்டுகளுக்கு முந்திய பச்சோந்தி இது என்று முடிவுகட்டினார்கள்.

பச்சோந்தி நாக்கு வீசுவதைப் பார்த்த யாரும் அந்த முடிவைக் குறை சொல்ல மாட்டார்கள். சிறுவயதில் எங்கள் கிளுவை வேலியில் ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. ஓர் அடி எடுத்து வைக்க அதற்கு ஆயிரம் யோசனை. முன்னும் பின்னும் ஆடி ஆடித்தான் காலை ஊன்றும். தனித்தனியே சுழன்றுகொண்டிருந்த கண்கள் இரண்டும் ஒரே வெட்டுக்கிளிமேல் வந்து நின்றன. அடுத்த நொடி வெட்டுக்கிளியைக் காணோம். நாக்கு போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. வாய் மெல்லுவது மட்டும் தெரிந்தது. அத்தனை மந்தமான உடம்பு இவ்வளவு வேகத்தை எங்கே ஒளித்து வைத்திருந்தது! இப்படியொரு வித்தை உலகில் ஒருமுறைதான் தோன்றியிருக்கும் என்றுதான் அன்று நினைத்தேன்.

ஆனால் அம்பருக்குள் இருந்தது பல்லியே அல்ல என்று அடையாளம் கண்டார் லண்டன் பேராசிரியர் சூசன் எவன்ஸ். அது ஆல்பனெர்பெட்டான்டிட் என்னும் அழிந்துபோன நீர்நில வாழ்வி. பிறகு அதே வகையில் வளர்ந்த ஒன்றின் மண்டையோடும் அம்பரில் கிடைத்தது. நீளம் 12 மில்லிமீட்டர், நாக்கின் நுனித்திண்டுகூட அழியாமல். புதையல் காக்கும் யட்சர்களை நினைத்து யட்சா என்று அந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்து 2020இல் அறிவித்தார்கள். அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் ஹுவான் டாஸா. பச்சோந்தி என்று எழுதிய 2016 கட்டுரைக்கும் அவர்தான் முதல் ஆசிரியர். தன் முடிவைத் தானே திருத்தி, தன் பெயரிலேயே வெளியிட்ட அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

இந்த வம்சத்தை வெகுகாலம் சாலமாண்டர்களோடு சேர்த்து வைத்திருந்தார்கள். 1982இல் ஃபாக்ஸும் நெய்லரும்தான் தனி வரிசையாகப் பிரித்தார்கள். சுமார் 16.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இருந்த இவை, டைனோசர்கள் அழிந்த பிறகும் பிழைத்து, ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை இத்தாலியில் வாழ்ந்திருக்கின்றன. தலைப்பிரட்டைப் பருவம் இருந்ததற்கான தடயம் எதுவும் இல்லை. இவ்வளவு முழுசான மண்டையோடு கையில் இருந்தும், இவை தவளைக்கு நெருங்கிய உறவா, சாலமாண்டருக்கா என்பது தீரவில்லை. என் ஆயுளுக்குள் அது தெரிந்துவிட வேண்டும்.