கோத்தகிரியில் ஒரு சக்கர வீடு

வீட்டைப் பூட்டிவிட்டு யாத்திரை போவது ஒரு வகை. வீட்டையே உடன் அழைத்துக்கொண்டு போவது மற்றொரு வகை. இரண்டாவது வகை சீமையிலும் அமெரிக்காவிலும் வெகு காலமாக வழக்கத்தில் இருக்கிறது. படுக்கை, அடுப்பு, ஸ்நான அறை எல்லாம் மோட்டாருக்குள்ளேயே அமைந்திருக்கும். அங்கே இத்தகைய வண்டிகளுக்கென்றே தங்கல் மைதானங்கள் உண்டு. நல்ல ஜலம் பிடிக்க ஒரு புறம் குழாயும், அழுக்கு ஜலத்தை விட மறு புறம் குழியும் வைத்திருப்பார்கள். நம் நாட்டில் கேரள அரசாங்கம் 2021-ஆம் ஆண்டில் இவ்வகைப் பிரயாணத்திற்கென ஒரு திட்டத்தை வெளியிட்டது.

எனினும், இதை முழுக்க முழுக்க மேனாட்டுச் சரக்கு என்று கருதிவிட வேண்டாம். நம் பாட்டனார்கள் கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, ஜமக்காளம் விரித்து, கட்டுச்சோற்று மூட்டையோடு கிளம்பியது வேறு என்னவாம்? ராணி மங்கம்மாள் சாலையும் சத்திரமும் கிணறும் அமைத்தது அவர்களைப் போன்ற வழிப்போக்கர்களுக்காகத்தானே?

நாங்கள் நால்வரும் சாரதியும் கோயமுத்தூரிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டோம். வண்டியின் தொட்டி நூறு லிட்டர் ஜலம் கொள்ளும். மேட்டுப்பாளையத்தில் பவானியைக் கடந்ததும் மலைக்கு ஏறும் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கல்லாறு வழியாகக் குன்னூருக்குப் போவது. 1899-ஆம் ஆண்டு முதல் மலை ரயிலும் குன்னூருக்கு ஏறி வருகிறது. மற்றொன்று கோத்தகிரிப் பாதை; சுமார் 33 கிலோமீட்டர். ரயிலின் பாக்கியம் கோத்தகிரிக்குக் கிட்டவில்லை. அதனாலேயே ஊர் தன் அமைதியை ஓரளவு காப்பாற்றிக்கொண்டது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் தேதி முதல், வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் என்னும் அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டைப் பார்த்த காவலர், பிளாஸ்டிக் புட்டிகள் உண்டா என்று விசாரித்தார். பிறகு வண்டியின் உருவத்தை மேலும் கீழும் நோக்கிவிட்டு, "இதில் பலாப்பழம் ஏதும் இல்லையே?" என்று கேட்டார். வேடிக்கைக்காகக் கேட்டதல்ல. இந்தச் சரிவுகளில் பலா பழுக்கும் பருவத்தில் யானைகள் அதன் வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். எங்கள் சக்கர வீட்டுக்கு அத்தகைய விருந்தாளியை வரவேற்கும் விசாலம் போதாது.

அதற்கு மேல் பாதை வளைந்து வளைந்து ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் அலமாரிக்குள் பாத்திரங்கள் கச்சேரி செய்தன. கமுகந்தோப்புகள் கீழே மறைந்தன. தேயிலைச் சரிவுகள் தென்படலாயின. 2009-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துப் பெருமழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பசுமையாகத் தோன்றும் இந்தச் சரிவுகளைப் பார்க்கும்போது அதை மறக்க முடியவில்லை.

ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது கோத்தகிரி. கோத்தர்களின் மலை என்பதே பெயரின் பொருள். இரும்படித்தல், மட்பாண்டம் வனைதல், தச்சு, வாத்தியம் ஆகிய கலைகளில் வல்லவர்கள் அவர்கள். சுற்றிலும் படகர்களின் ஹட்டிகள். கீழ்ச் சரிவுகளில் இருளர், குறும்பர் குடியிருப்புகள். இவ்வளவு ஜனங்கள் வாழ்ந்த மலையைக் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் 'கண்டுபிடித்தார்' என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மனிதர் நிறைந்த வீட்டுக்குள் வந்தவர் அந்த வீட்டையே கண்டுபிடித்தார் என்பது விசித்திரமான கணக்கு. அவருக்கு முன்னர் 1603-இலேயே ஒரு பாதிரியார் மேலேறி வந்து போயிருக்கிறார். இருந்தாலும் சல்லிவனுக்குச் சேர வேண்டிய மரியாதையைக் குறைப்பதற்கில்லை. தோதவர்களின் நிலம் தோதவர்களுக்கே உரியது என்று கும்பினியாரிடம் வாதாடியவர் அவர். கன்னேரிமுக்கில் அவர் பெயரால் விளங்கும் பழைய பங்களாவைப் பார்த்துவிட்டு லாங்வுட் சோலைக்குச் சென்றோம்.

அனுமதியில்லாமல் சோலைக்குள் நுழையலாகாது, ஓரத்திலேயே நின்றோம். குட்டையான மரங்கள், கிளையெல்லாம் பாசி, காலடியில் மெத்தை போல் இலைச்சருகு. விஸ்தீரணம் 116 ஹெக்டேர்தான். ஆயினும் மழை ஜலத்தைப் பஞ்சு போல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழையில்லாத மாதங்களிலும் சிறுகச் சிறுகக் கசியவிடுவது இதுதான். சுற்றுக் கிராமங்களின் ஊற்றுகள் இதை நம்பியிருக்கின்றன. ஈர நிலங்களைக் காப்பதற்கான ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் 2024 ஜனவரியில் இச்சோலையும் இடம் பெற்றது. இவ்வூரில் நாங்கள் கண்டவற்றுள் முதன்மையானது எது என்று கேட்டால், இந்தச் சருகு மெத்தையைத்தான் சொல்வோம்.

மாலையில் பனி இறங்கிற்று. ஊருக்கு வெளியே, சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு படகப் பெரியவரின் முற்றத்தில் வண்டியை நிறுத்த இடம் கிடைத்தது. சக்கர வீட்டை அவர் உள்ளே வந்து பார்த்தார். அடுப்பைப் பார்த்துச் சிரித்தார். குனிந்து வண்டியின் அடியிலிருந்த குழாயைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"ஐயா, நல்ல தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தக் குழாயை மட்டும் இங்கே திறந்துவிடாதீர்கள். கீழே எங்கள் ஹட்டியின் ஊற்று இருக்கிறது" என்றார்.

கீழே இருப்பது ஹட்டி மட்டுமல்ல. கோத்தகிரி மலையின் ஒரு பக்கத்து ஓடைகள் மோயாற்றுக்கும், மற்றொரு பக்கத்தவை பவானிக்கும் போகின்றன. இரண்டும் 1955-இல் கட்டி முடித்த பவானிசாகர் அணையில் ஒன்று கூடி, ஈரோட்டுச் சீமையின் வயல்களை நனைத்துக் காவிரியில் கலக்கின்றன. நாங்கள் இங்கே பாத்திரம் கழுவிய ஜலம் யார் வீட்டுக் குடத்தில் போய் விழும் என்று யோசித்தபோது, அந்தக் குழாயைத் தொடவே கை கூசிற்று. மலையேறும் சக்கர வீடுகளை வரவேற்க விரும்புவோர் முதலில் வெட்ட வேண்டியது அந்தக் குழியைத்தான். அதற்குப் பிறகு விளம்பரப் பலகை நடலாம்.

பெரியவரே வழி சொன்னார். அவர் வீட்டுக் கழிவுத் தொட்டி முற்றத்தின் மேல் ஓரத்தில் இருந்தது. வண்டியைப் பின்னோக்கி நகர்த்தி, மேட்டில் சக்கரங்களுக்குக் கல் வைத்து நிறுத்தி, ரப்பர் குழாயைப் பொருத்த அரை மணி நேரம் பிடித்தது. சாரதியின் பற்கள் குளிரில் தந்தியடித்தன. வேலை முடிந்ததும் பெரியவர் வீட்டு அம்மாள் எல்லோருக்கும் சூடான தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் தோட்டத்து இலையா என்று கேட்டோம்.

"எங்கள் இலை தொழிற்சாலைக்குப் போய்விடும், அம்மா. இது கடையில் வாங்கிய தூள்" என்றார்.

தொட்டியில் பாதி ஜலம் மிச்சமிருந்தது. மறுநாள் கோடநாட்டிலிருந்து மோயாற்றுப் பள்ளத்தாக்கைப் பார்ப்பதாக ஏற்பாடு. அதற்கு அதுவே போதும் என்று சாரதி கணக்குச் சொன்னார்.