ஊசிக்கு முன்னால்

வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் சீட்டு கொடுக்கும் நேரத்துக்கு வெகு முன்னதாகவே ஆட்டோக்கள் வந்து நிற்கத் தொடங்கிவிடுகின்றன. மூடி கட்டிய காய்கறிக் கூடைக்குள் பூனை. துண்டில் சுற்றிய குட்டி. பின்சீட்டு முழுவதையும் அடைத்துப் படுத்திருக்கும் லாப்ரடார். நடுவே கயிறோடு ஒரு வெள்ளாடு, யாரையும் சட்டை செய்யாமல். 1903 அக்டோபரில் டாபின் ஹால் என்ற சிறிய கட்டடத்தில் 20 மாணவர்களோடு தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இது. கல்லூரி 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1989இல் கால்நடை மருத்துவத்துக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் பிறந்தபோது அதற்குள் வந்தது. வரிசையில் நிற்பவர்களுக்கு இந்த வரலாறு எதுவும் வேண்டியதில்லை. ‘வேப்பேரிக்குப் போறோம்’ என்றால் வட சென்னையில் எல்லோருக்கும் புரியும்.

உங்கள் பக்கத்தில் டாக்டரே இல்லையா என்று திருவொற்றியூரிலிருந்து வந்திருந்த ஆட்டோக்காரரிடம் கேட்டேன். “மூணு பேர் இருக்காங்க சார். அதுல ஒருத்தர்தான் இங்க போன்னு அனுப்பிச்சாரு” என்றார். அவருடைய பொமேரியன் நாலைந்து நாளாகச் சாப்பிடவில்லை. முதலில் பார்த்தவர் ஊசி போட்டார். இரண்டாமவர் வேறு ஊசி போட்டார். மூன்றாமவர் ஊசியை எடுக்கவே இல்லை, வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, “கடைசியா எப்ப பருவத்துக்கு வந்துச்சு? தண்ணி நிறைய குடிக்குதா?” என்று கேட்டிருக்கிறார். கருப்பையில் சீழ் கட்டியிருக்கும் போலிருக்கிறது, ஸ்கேன் எடுத்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருக்கும், அதற்கு என்னிடம் வசதி இல்லை, காலையில் முதல் வேலையாக வேப்பேரி போங்கள் என்று சொல்லிவிட்டார். காசும் வாங்கவில்லையாம். “இனிமே எது ஒண்ணுன்னாலும் அவர்கிட்டதான்.”

என்னால் முடியாது என்று சொன்ன ஒரே காரணத்துக்காக ஒருவருக்கு ஆயுள் முழுக்க வாடிக்கையாளர் கிடைத்திருக்கிறார். வேறு எந்தத் தொழிலில் இது நடக்கும் என்று தெரியவில்லை.

வளர்ப்பவர்கள் ஒரு கால்நடை மருத்துவரை எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் கிளம்பியிருந்தேன். வரிசையில் கேட்டால் வரும் பதில்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். வீட்டுக்குப் பக்கம், ராத்திரி போன் எடுப்பார், அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் சொன்னார்கள், நாய் விற்றவரே ஒருவரைக் காட்டிவிட்டார். கடைசியாகச் சொன்னது கொஞ்சம் ஆபத்தான சிபாரிசு. குட்டியை விற்றவருக்கு வேண்டியவர், அந்தக் குட்டி நோயோடுதான் வந்தது என்று எப்படி வாய்திறந்து சொல்வார்? பதில்களைவிட மேசைக்கு அருகில் உட்கார்ந்து பார்ப்பதுதான் பயன் தரும் என்று பட்டது.

பெரம்பூரில் ஒரு டாக்டர் அதற்குச் சம்மதித்தார். நாமக்கல் கல்லூரியில் படித்தவர். முன்பு மளிகைக் கடையாக இருந்த இடம் இப்போது கிளினிக். ஷட்டரைத் தூக்கினால் எவர்சில்வர் மேசை, எடை பார்க்கும் மேடை, ஒரு குளிர்சாதனப் பெட்டி, நாலு பிளாஸ்டிக் நாற்காலி. உதவிக்கு ஒரே ஒருவர். முப்பது வயதைத் தாண்டியவர். இருந்தும் எல்லோருக்கும் ‘தம்பி’தான்.

மாலை ஆறு மணிக்குள் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. ராட்வைலர் ஒன்று உள்ளே வந்தது. டாக்டர் எழுந்திருக்கவில்லை. வந்தவரிடம் என்ன சாப்பாடு, எப்போதிலிருந்து சோர்வு, எங்கே படுக்கிறது என்று பேச்சுக் கொடுத்தபடியே இருந்தார். பார்வை மட்டும் நாய்மேல். அது நடந்து வந்த விதம், மூச்சு விடும்போது விலா ஏறி இறங்கும் வேகம், எந்தக் காலில் பாரத்தைப் போடாமல் நிற்கிறது என்பதையெல்லாம் தொடுவதற்கு முன்பே பார்த்துவிடுவார். தொட்டால் நாய் பயந்து இதயத் துடிப்பு ஏறிவிடும், அப்புறம் கிடைக்கும் கணக்கு பயத்தின் கணக்குதான் என்றார் பிறகு. அதன்பின்தான் எடை, வெப்பமானி. நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி வரை இயல்பு. உடம்பு சுடுகிறது என்று பதறி ஓடிவருகிறவர்களில் பாதிப் பேரை இந்த ஒரு எண்ணே வீட்டுக்கு அனுப்பிவிடும். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அமுக்கி விட்டார். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவந்துவிட வேண்டும். தோளுக்கு மேலே தோலைக் கிள்ளி இழுத்து விட்டார். அது சட்டென்று பழைய இடத்துக்குப் போகாமல் மெதுவாக இறங்கினால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. ஈறு வெளிறியிருந்தது. காது மடலின் உட்புறத்தைப் புரட்டினார். மிளகளவு உண்ணிகள்.

“ரத்தம் எடுக்கணும். உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம்.”

“ஒரு ஊசி போட்டுருங்க டாக்டர், பத்தாதா?”

இந்தக் கேள்வி ஒவ்வொரு மாலையும் என் காதில் விழுந்தது. ஊசி போட்டால்தான் வைத்தியம். வெறும் கையால் தொட்டுப் பார்த்துக் கேள்வி கேட்டு அனுப்பினால் பணம் வீண் என்ற நினைப்பு நம் ஆட்களுக்கு மனித ஆஸ்பத்திரியிலிருந்தே வந்தது. உண்ணிக் காய்ச்சலில் ரத்தத் தட்டணுக்கள் குறையும். எந்தக் கிருமி என்று ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். எர்லிக்கியாவுக்குக் கொடுக்கிற டாக்ஸிசைக்ளின் மாத்திரையைச் சுமார் நான்கு வாரம் தொடர வேண்டும். மூன்றாம் நாள் நாய் சோறு தின்றுவிடும். வீட்டுக்காரர் மாத்திரையை நிறுத்திவிடுவார். அடுத்த மாதம் அதே நாய், அதே நாற்காலி. ‘இந்த டாக்டர் சரியில்லை’ என்ற பேச்சில் ஒரு பகுதி இப்படித்தான் உருவாகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ரத்தம் எடுக்கும்போதுதான் தம்பியைக் கவனித்தேன். காஸ் துணியை நாயின் வாயைச் சுற்றி ஒரு சுற்று, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு, காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு. வாய்க்கட்டு முடிய நாலு நொடி ஆகியிருக்காது. ஒரு கையை நாயின் கழுத்துக்கு அடியில் விட்டுத் தன் தோளோடு அணைத்துக்கொண்டார். மறு கையால் அதன் முன்னங்காலை முழங்கைக்குப் பின்னாலிருந்து முன்னோக்கித் தள்ளி, கட்டைவிரலால் லேசாகத் திருகி அமுக்க, மயிருக்கடியில் நரம்பு புடைத்து எழுந்தது. டாக்டர் ஊசியை இறக்கினார். ராட்வைலர் அசையவில்லை. அழுத்திப் பிடிப்பது வேறு, அணைத்துப் பிடிப்பது வேறு. எவ்வளவுக்கு இறுக்குகிறோமோ அவ்வளவுக்கு விலங்கு திமிறும் என்றார் தம்பி. பூனை என்றால் முறையே மாறிவிடும். துண்டால் போர்த்தித் தலை மட்டும் தெரியும்படி சுருட்டிக்கொள்வார். பிடரியைப் பிடித்துத் தூக்குகிறவர்களைக் கண்டால் அவருக்குக் கோபம் வரும்.

பூனை வளர்ப்பவர்களின் குறை தனி ரகம். நாய் டாக்டர்கள்தான் இருக்கிறார்கள், பூனையைச் சின்ன நாயாக நினைத்து வைத்தியம் பார்க்கிறார்கள் என்பார்கள். அகரத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், மருந்துக்கடையில் கேட்டுப் பாரசிட்டமால் அரை மாத்திரை கொடுத்துவிட்டு, முகம் வீங்கிய பூனையோடு முன்பு ஒருமுறை இங்கே ஓடிவந்திருக்கிறார். பூனையின் கல்லீரலில் அந்த மருந்தைப் பிரித்து வெளியேற்றும் நொதி போதாது. சிவப்பணுக்கள் கெட்டு ஈறு பழுப்பாகிவிடும்; ஒரு மாத்திரையே உயிரை எடுக்கும். அந்தப் பூனை பிழைத்தது. “அன்னைக்கு இவர் என்னைத் திட்டல. என்ன மாத்திரை, எத்தனை மணிக்குன்னு மட்டும் கேட்டார். திட்டியிருந்தா நான் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டேன்” என்றார் அம்மா. மருத்துவரைத் தேர்ந்தெடுக்க நான் கேட்ட காரணங்களில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

இன்னொரு காரணத்தை ஒரு கல்லூரி மாணவி சொன்னாள். அவளுடைய குட்டிக்கு வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக இருந்தபோது, வாசலிலேயே நிறுத்தி ஆட்டோவுக்குள்ளேயே வைத்திருக்கச் சொன்னாராம் டாக்டர். அவளுக்கு முதலில் அவமானமாக இருந்தது. பிறகு அவரே கையுறை மாட்டிக்கொண்டு ஆட்டோவுக்கு வந்து பார்த்திருக்கிறார். பார்வோ. அந்த வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தடுப்பூசிக்காக வந்து அதே தரையில் விளையாடும் குட்டிகளுக்கு ஒட்டிக்கொள்ளும். “மத்த குட்டிங்களுக்காக யோசிக்கிறவர், என் குட்டிக்கும் யோசிப்பாருன்னு தோணுச்சு அண்ணா.” நாலு நாள் டிரிப்ஸ் ஏறியது. இப்போது அது அவள் காலடியில் நாற்காலிக் காலைக் கடித்துக்கொண்டிருந்தது.

தடுப்பூசிப் புத்தகத்தைப் பார்த்தாலும் கொஞ்சம் கணிக்கலாம். மருந்துக் குப்பியின் மேலிருக்கும் ஒட்டுத்தாளை உரித்துப் புத்தகத்தில் ஒட்டி, தேதி போட்டு, கையெழுத்திட்டுப் பதிவு எண்ணோடு முத்திரை குத்தியிருக்க வேண்டும். வெறும் பேனாவால் ‘பார்வோ போட்டாச்சு’ என்று எழுதிய புத்தகங்களையும் பார்த்தேன். அவற்றில் பல, குட்டி விற்றவர்களே போட்டவை. அந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்ததா, பைக் பெட்டியில் வெயிலில் வந்ததா, யாருக்குத் தெரியும்? தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை தடுப்பூசி முழுதாகப் பிடிக்காது. அதனால்தான் 6, 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ‘ஒண்ணு போட்டாச்சே’ என்பவர்களுக்கு இதைப் பொறுமையாக விளக்குகிற டாக்டர்கள் குறைவு. சட்டப்படி, 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவர்தான் மருத்துவம் பார்க்க வேண்டும். அந்தப் பதிவுக்கு வேண்டிய பட்டம், பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு. பலகையில் பட்டமும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்த ஒருவரைக்கூட நான் சந்திக்கவில்லை. கூகுளில் எத்தனை நட்சத்திரம் என்று பார்த்தவர்கள் நிறைய.

மாவட்டங்களில் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே பெரும்பாலும் கிடையாது. அரசுக் கால்நடை மருந்தகத்து டாக்டர்தான் மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும், சிப்பிப்பாறை நாய்க்கும் அவரேதான். ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. மாநகரத்துக்காரர்கள் மூன்று டாக்டர்களில் யார் நல்லவர் என்று அலசுவது அங்கே ஆடம்பரம்.

பெரம்பூர் டாக்டரிடம், எப்போது வாடிக்கையாளர்களை இழப்பீர்கள் என்று கேட்டேன். “போதும்னு சொல்லும்போது” என்றார். சிறுநீரகம் இரண்டும் போன பதினாலு வயது நாய்க்கு இன்னும் டிரிப்ஸ் ஏற்றுவது அதற்கு வேதனைதான் என்று சொன்னால் சிலர் எழுந்து போய், ஏற்றுகிற இடத்தைத் தேடிக்கொள்வார்கள். அவர்களைக் குறை சொல்லவும் அவருக்கு மனமில்லை. சிலர் மாதங்கள் கழித்துப் புதுக் குட்டியோடு திரும்பி வருவார்களாம். பழையதைப் பற்றி இருவருமே பேசிக்கொள்வதில்லை.

தம்பியிடம் பேச நேரம் கிடைத்தது ஷட்டர் பாதி இறங்கிய பிறகுதான். ராட்வைலரை அணைத்துப் பிடித்த அந்தப் பிடியை எந்தச் சான்றிதழ் வகுப்பும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. வேறொரு கிளினிக்கில் கூட்டிப் பெருக்கும் வேலையில் சேர்ந்து, அங்கிருந்த பெரியவரைப் பார்த்துப் பழகியது. இரண்டு முன்னங்கைகளிலும் பழைய கடித் தழும்புகள். ரேபிஸ் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் முறை இருப்பது அவருக்கு முதல் கடிக்குப் பிறகுதான் தெரியும். இப்போது டாக்டர் அதைத் தன் செலவில் போட்டுவிடுகிறார். சம்பளத்தைக் கேட்டேன், சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

செவ்வாய்க்கிழமை அவருக்கு விடுமுறை. அன்று டாக்டர் ரத்தம் எடுப்பதையும் தையல் போடுவதையும் கூடிய மட்டும் தள்ளிப்போடுகிறார். தொலைபேசியில் கேட்பவர்களில் பழைய ஆட்கள் டாக்டர் இருக்கிறாரா என்று கேட்பதில்லை. “தம்பி இன்னைக்கு வந்திருக்காரா?” என்றுதான் கேட்கிறார்கள். இல்லை என்றால், “சரி, புதன்கிழமை வரோம்.”